இரண்டரைக் கட்டை

அத்தியாயம் ஏழு

ஒன்று கேட்டேன், வந்திருப்பது இரண்டரை. இது என்னுடைய சுருதி இல்லை. இந்த மேடையில் பாடுகிற எவருடைய சுருதியும் இல்லை. அப்படியானால் யாருக்காக ஏற்றி வைத்த கட்டை இது?

மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பாக்கியலெட்சுமியின் மனதுக்குள் ஓடியது இதுதான். வெளியே அவள் ஒரு பழைய சோகப்பாட்டின் முதலடியைப் பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் அதற்கப்பால் கடலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த சின்ன பார் அது. மாலை வெயில் இன்னும் யன்னலில் இருந்தது. அன்றைக்கு இசைக்குழு வாசித்த முதற்பாட்டு அவளுடையதுதான். விரும்பினவர்கள் மேடைக்கு வந்து பாடலாம் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தமிழில் எழுதவில்லை. ஆனால் அவள் ஏறியபோது யாரும் தடுக்கவுமில்லை.

வயது நாற்பதைத் தாண்டியபிறகு அவள் குரல் தடித்துவிட்டது. ஆண்கள் பாடுகிற ஒன்றாம் கட்டைதான் இப்போது அவளுக்குச் சுகம். அதைத்தான் கீபோட்காரரிடம் கேட்டாள். "பிரச்சினை இல்லை மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வாசிக்கத் தொடங்கினார். வந்ததோ, எட்டிப் பிடிக்கவேண்டிய உயரத்தில் வந்தது.

நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. அந்த உயரத்துக்கே ஏறிப் பாடினாள். யாரோ கழற்றிப் போட்ட சட்டைக்குள் கையை நுழைத்ததுபோல இருந்தது. சட்டை இன்னும் சூடாக இருந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

கீபோட்காரர் யேசுரட்ணம் நாலாவது அடியில்தான் பிழையை உணர்ந்தார். விரல் தடுமாறியது. முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்துபோனது. சுருதி பிழைத்துப்போனால் ஒரு வாத்தியக்காரர் வெட்கப்படுவார், அல்லது சிரித்துச் சமாளிப்பார். இப்படி வெளிறிப்போக மாட்டார்.

* * *

இந்த விஷயம் அன்று காலை கொட்டாஞ்சேனையில் தொடங்கியது.

பாக்கியலெட்சுமியின் அலுவலகம் ஒரு கொமியூனிகேசன் கடைக்கு மேலே இருந்தது. கீழே வெளிநாட்டு அழைப்புக்காகச் சனம் காத்திருக்கும். "நோர்வே லைன் வந்திட்டுது, இரண்டாம் பெட்டிக்கு வாங்கோ" என்று கடைக்காரப் பெண் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். பலகைத் தளத்தின் இடுக்குகளால் பெயர்கள் மேலே வரும். சிலவேளை கூப்பிட்ட பெயருக்கு ஒருவரும் போகமாட்டார்கள். கடைக்காரப் பெண் இன்னொரு தரம் கூப்பிடுவாள். அந்த இரண்டாவது கூப்பிடுதலுக்குப் பாக்கியலெட்சுமி செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பாள், யாராவது ஒருவர் "ஓம்" என்று சொல்லும்வரைக்கும்.

காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்ச் சாவுகளையும் வேண்டுமென்றே வைத்த நெருப்புகளையும் விசாரித்துப் பழகியவள் அவள். தனியே தொழில் தொடங்கியபிறகு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள். ஆள் இருக்கிறாரா, இல்லையா.

அன்றைக்கு இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள்.

"வாங்க, இரிங்க," என்று ராசிக் கதிரைகளை இழுத்துப் போட்டார். "இந்தப் படியில ஏறி வாறவங்களுக்கு, காணாமப் போன ஆளத் தேட முந்தி மூச்சத் தேடிக் குடுக்க வேண்டிக் கெடக்கு."

ராசிக் அவளுடைய உதவியாளர். 'நானா' என்று, அண்ணன் முறை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவாள். சொந்தத்தில் ஒரு த்ரீவீல் ஓட்டோ, ஓயாத வாய், ஐம்பதைத் தாண்டியும் நரைக்காத தலை. அது மை என்று மருதானை முழுவதற்கும் தெரியும்.

வந்தவர்களில் இளையவள் பேர்ணடெற். களுபோவில ஆஸ்பத்திரியில் வேலை. மற்றவள் அவள் வசிக்கிற குறுகிய ஒழுங்கையிலேயே இருக்கிற மயிலம்மா. மலைநாட்டிலிருந்து வந்து, துறைமுகத்துப் பண்டகசாலைகளில் மூட்டை தூக்கி வாழ்ந்த குடும்பம் அவளுடையது. பேர்ணடெற்றின் கைப்பையை அவள் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், கதைக்கிறவளுக்குக் கை சும்மா இருக்கவேண்டும் என்பதுபோல.

"என்ர அவர் லெம்பேட்," என்றாள் பேர்ணடெற். "போன வருஷம் பாங்கில குண்டு வெடிச்ச பிறகு ஆமிக்காரர் எங்கட ஒழுங்கையைச் சுத்தி வளைச்சு அவரைப் பிடிச்சுக்கொண்டு போச்சினம். பொலிஸ், காம்ப், செஞ்சிலுவை, ஒரு இடம் விடேல்ல. எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லினம். போன கிழமை நான் அவற்ற குரலைக் கேட்டனான்."

"எங்க?"

"ரயில்ல இருந்து. ட்யூட்டி முடிஞ்சு தெகிவளையில ஏறினனான். வெள்ளவத்தையில சிக்னலுக்கு நிண்டது. அவர் முந்திப் பாடின பார் ஒண்டு இருக்கு. அதின்ர பின்பக்கத்தால கேட்டது. ஒரு அடிதான் மிஸ். பிறகு ரயில் வெளிக்கிட்டிட்டுது."

"ரேடியோவா இருந்தால்?"

"என்ர புருசன்ர குரல் எனக்குத் தெரியாதா? ஆம்பிளையள் போகாத உசரத்தில பாடுறவர். பாண்ட் கோஷ்டியில அவருக்குப் பட்டப்பேரே 'இரண்டரை'தான். இரண்டரைக் கட்டையில பாட அங்க வேற ஆள் இல்லை." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அங்கே வெகுநாள் வராதது என்பது தெரிந்தது. "தாளம் முழுக்கத் தலையிலதான். தலையை ஆட்டித்தான் எப்ப வாசிக்கவேணும் எண்டு பாண்டுக்குக் காட்டுவார். சாப்பிடேக்க கூட அடுத்த வீட்டு ரேடியோவுக்கு ஆட்டுவார். சோறு சிந்தும். நான் பேசுவன்."

"இறங்கிப் போய்ப் பாத்தீங்களா?"

"போனனான். யேசுரட்ணம் அண்ணை நிண்டார், கீபோட் வாசிக்கிறவர். லெம்பேட் அதுக்குப் பிறகு இந்த வாசல் மிதிக்கேல்ல, நீ வீட்டை போ பிள்ளை எண்டார்." அவள் கையை விரித்தாள். "அக்கா கனடாவுக்கு எடுப்பிச்சிருக்கிறா. விசா இந்த மாசத்தோட முடியுது. செத்திட்டார் எண்டால் போவன். இருக்கிறார் எண்டால் நிப்பன். இது ரெண்டும் தெரியாம எப்பிடி மிஸ் பிளேன்ல கால் வைக்கிறது?"

மயிலம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "எம் மகன் இராமரையும் அதே வாரந்தாங்க புடிச்சாங்க. இந்தப் புள்ளையோட புருசன் கெடைச்சாருன்னா, எம் மகன எங்கயாச்சும் கண்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அவர்கள் இறங்கிப் போனபிறகு ராசிக் கதிரைகளைத் திரும்ப இடத்தில் போட்டார்.

* * *

"பார்ல போய் யாரிட்ட மிஸ் என்னத்தக் கேக்கப் போறீங்க?" அன்று மாலை காலி வீதியில் த்ரீவீலை விட்டுக்கொண்டே ராசிக் கேட்டார்.

"கேக்கப் போகேல்ல. பாடப் போறன்."

பிரேக் விழுந்தது. "யா அல்லா. அப்ப நான் வாசல்லயே நிக்கவா?"

"வாயிட்டக் கேட்டால் பேர்ணடெற்றுக்குச் சொன்னதைத்தான் எங்களுக்கும் சொல்லும். வாசிக்கிறவங்களின்ர கை அப்பிடி இல்லை நானா. அதுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை."

பம்பலப்பிட்டி சோதனைச்சாவடியில் மறித்தார்கள். மீசை முளைக்காத ஒரு சிப்பாய் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பெயரின் நீளத்தைப் பார்த்து வாயைக் கோணினான். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

"சிந்துவக் கியன்ன, மல்லி," என்றார் ராசிக். பாட்டுப் பாடப் போகிறோம் தம்பி என்று.

சிப்பாய் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அட்டை திரும்பக் கைக்கு வந்தபிறகுதான் மூச்சை விட்டாள். எத்தனை வருஷமானாலும் அந்த ஒரு சின்ன நேரம் பழகிப் போகவில்லை. தன்னுடைய பெயர் இன்னொருவர் கையில் இருக்கிற நேரம்.

பாரில் யேசுரட்ணம் ஏற்கனவே கீபோட்டுக்கு முன்னால் இருந்தார். அறுபது வயது, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. கிற்றார்காரரான சிங்கள இளைஞர் பக்கத்தில் நின்று நரம்பு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் வந்தனாங்கள் மிஸ்," என்றார் யேசுரட்ணம். "நாங்கள் ப்ராக்டிஸ் எண்டு ஒண்டும் வைக்கிறேல்ல. வந்து, பிளக் அடிச்சு, வாசிக்கிறதுதான். இண்டைக்கும் இப்பதான் பிளக் அடிச்சனான். என்ன கட்டை உங்களுக்கு?"

"ஒண்டு."

"அப்ப யேசு அய்யேக்கு சந்தோசம்," என்று, சிங்களத்தில் அண்ணன் முறை வைத்து, கிற்றார்காரர் உடைந்த தமிழில் சிரித்தார். "இவருக்கு வெள்ளைக் கட்டை மட்டுந்தான் தெரியும். எல்லாப் பாட்டும் ஒண்டாம் கட்டையில வாசிக்கிற. வேற சுருதி வேணுமெண்டா அந்தப் பொத்தான் அமத்திற. கீபோட் தானா ஏறும், தானா இறங்கும். விரல் அதே இடம்."

"சேர்ச்சில ஓர்கன் வாசிச்ச கை மகனே," என்றார் யேசுரட்ணம். "இந்த வயசில இனிக் கறுப்புக் கட்டை பழகேலாது."

அந்தப் பாரில் நிரந்தரமாகப் பாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒரு பெண் ஐந்தாம் கட்டையில் பாடுவாள். ஒரு தடித்த மனிதர் ஒன்றில் பாடுவார். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பாக்கியலெட்சுமி மேடையேறினாள்.

ஏறினாள். ஒன்று கேட்டவளுக்கு இரண்டரை வந்தது.

பாட்டு முடிந்ததும் முன்மேசையில் இருந்தவர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். அவள் மூலைமேசைக்கு வந்தாள். ராசிக் ஜிஞ்சர் பியர் போத்தலை அணைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி நானா?"

"நீங்க ரெண்டாவது அடி பாடக்குள்ள ரெண்டு பேர் பில்லக் கேட்டாங்க மிஸ்."

"சரி. இப்ப நீங்கள் ஒரு உதவி செய்யவேணும். பாத்ரூம் போற மாதிரிப் போய், கீபோட்டின்ர வயர்ல தடக்கி விழுங்கோ."

"நெசமாலுமே விழவா, சும்மா விழவா?"

"பிளக் கழரவேணும்."

ராசிக் எழும்பினார். தொப்பியைச் சரிசெய்தார். நேராக நடந்துபோய், கல்யாண வீட்டில் சகன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் வழுக்கி விழுவதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விழுந்தார். பிளக் தெறித்தது. கீபோட்டின் சின்னக் கண்ணாடியில் எரிந்துகொண்டிருந்த எழுத்துகள் அணைந்தன. ராசிக் மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டார். அவரைத் தூக்கிவிடுகிற சாட்டில் பாக்கியலெட்சுமி மேடையருகே குனிந்தாள். கிற்றார்காரர் பிளக்கைத் திரும்ப அடித்தார். கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. சுருதி காட்டுகிற இடத்தில் பூச்சியம் நின்றது.

அவள் நிமிர்ந்தபோது யேசுரட்ணம் அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சியத்தை அவள் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

* * *

"எனக்கு விளங்கல்ல மிஸ்," என்றார் ராசிக், த்ரீவீலில் முழங்காலைத் தடவிக்கொண்டு. "தோல் போனது மட்டும் விளங்குது."

"பிளக்கைக் கழட்டினால் அந்தக் கீபோட் எல்லாத்தையும் மறந்து ஒண்டுக்கு வந்திடும். அவர் சொன்ன மாதிரி இண்டைக்கு வந்து, பிளக் அடிச்சு, நேரா எனக்கு வாசிச்சிருந்தால் ஒண்டுதான் வந்திருக்கவேணும்."

"வந்தது ரெண்டரை."

"அப்ப பிளக் அடிச்சது முந்தியே. எங்களுக்கு முன்னால அவர் ஆருக்கோ வாசிச்சிருக்கிறார். எங்களைக் கண்டதும் ஆளை அனுப்பிப்போட்டார். பொத்தானைத் திருப்பிவிட மறந்திட்டார்."

ராசிக் தலையைச் சொறிந்தார். "ஒரு பொத்தான மறந்ததுக்கு இவ்வளவா? நான் கல்யாண நாளையே மறந்தேன், என்ட பொண்டாட்டி இவ்வளவு கண்டுபிடிக்கல்ல." கொஞ்சத்தூரம் போனபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மிஸ், சும்மா கேக்கிறேன். அது ஆளில்லாமப் போய், வேற ஏதுமா இருந்தா?"

"பேய்க்குக் கீபோட் எதுக்கு நானா. அது சுருதியில்லாமலே பாடும்."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போனபிறகும் அந்த உயரம் தொண்டைக்குள் நின்றது. இருமிப் பார்த்தாள். தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இன்னொருவருடைய குரல் போய் நிற்கிற இடத்தில் தன் குரலை நிறுத்தியவளுக்கு, அந்த இன்னொருவர் தன்னைக் கேட்டிருப்பார் என்ற நினைவு பிறகுதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருப்பார். தன் சட்டையை யாரோ போட்டுப் பார்க்கிறதைப் பார்த்ததுபோல.

* * *

மறுநாள் பேர்ணடெற் ரயிலில் வருகிற நேரத்துக்குப் பாக்கியலெட்சுமியும் ராசிக்கும் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து பாரின் பின்வாசலுக்குப் போனார்கள். கடல் இரைந்தது. குசினிக்காரர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போலக் குனிந்துகொண்டார். அந்த வருஷங்களில் கொழும்பில் நிறையப் பேருக்கு அது கைவந்திருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

பேர்ணடெற் சொன்னது சரி. ஒருதரம் கேட்டால் இன்னொரு குரலோடு மாறாத குரல். மெல்லியது, உயரமானது, நூல் கோத்த ஊசிபோல நேராக ஏறுவது. ராசிக் வாயைத் திறந்தார். பாக்கியலெட்சுமி அவருடைய முழங்கையைத் தொட்டாள். வாய் மூடிக்கொண்டது.

யன்னல்கள் சாத்திய இருட்டில், மேடையின்மேல், சுவரைப் பார்த்தபடி ஒரு மனிதர் பாடிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சேர்ட்டு உடம்புக்குப் பெரிதாக இருந்தது. யேசுரட்ணம் கீபோட்டில் இருந்தார். அடி முடிந்து வாத்தியம் வரவேண்டிய இடத்தில் பாடியவர் ஒரு விரலைத் தூக்கினார். யேசுரட்ணம் வாசித்தார். அடுத்த அடிக்கு மறுபடியும் விரல்.

பாக்கியலெட்சுமி அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை அசையவில்லை. தோள் அசைந்தது, கால் பெருவிரல் தாளம் போட்டது, கழுத்துக்கு மேலே மட்டும் கல்.

சோறு சிந்தச் சிந்தத் தாளம் போட்ட தலை. ஒருவருக்கு வயது போனால் குரல் தேயும், கை நடுங்கும். பழக்கம் போகாது. பழக்கம் போயிருக்கிறதென்றால் அதை யாரோ அடித்துக் கொன்றிருக்கவேண்டும். அல்லது அவரே கொன்றிருக்கவேண்டும். ஒரு மனிதர் தன் தலையைப் பார்த்து எதற்காகப் பயப்படுவார்?

விடை வந்தபோது அவளுக்கு அது வேண்டாம்போல இருந்தது.

அந்த நாட்களில் தமிழர்கள் சத்தமாகச் சொல்லாத சொல் ஒன்று இருந்தது. சுற்றிவளைப்பில் பிடிக்கிறவர்களை வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் சாக்கினால் முகம் மூடிய ஒரு ஆள் இருப்பார். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவர் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாரோ, அந்த ஆளை வேறு வாகனத்தில் ஏற்றுவார்கள். சாக்குக்குள் இருப்பவருக்குச் சனம் வைத்த பெயர் தலையாட்டி.

பின்னால் ரயில் ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவள் கூப்பிட்டாள்.

"லெம்பேட்."

யேசுரட்ணம்தான் துள்ளி எழும்பினார். மற்றவர் மெதுவாகத் திரும்பினார். ஓடவில்லை. நேற்று அவளைக் கேட்டபோதே ஓடிக் களைத்துவிட்டவர்போல நின்றார்.

"நேற்றுப் பாடினது நீங்கள்தானே," என்றார். "மேல ஏறேக்க மூச்சு காணேல்ல."

"ஓம். அது உங்கட கட்டை."

"பேர்ணடெற் அனுப்பினவவா?"

"ஓம். இஞ்சயா இருக்கிறீங்கள்?"

"போத்தல் பெட்டி அடுக்கிற அறையில," என்றார் யேசுரட்ணம் அவருக்காக. "முதலாளிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். மிஸ், தயவு செய்து..."

"சாக்குக்குள்ள இருந்தது நீங்கள்," என்றாள் பாக்கியலெட்சுமி. கேள்வியாகக் கேட்கவில்லை.

லெம்பேட் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் ஒருத்தரையும் காட்டேல்ல," என்றார். "அடிச்சாங்கள். நீ ஒராளைக் காட்டு, உன்னை விடுறம் எண்டாங்கள். எத்தினை சந்திக்குக் கொண்டுபோனாங்கள். எத்தினை பெடியள் வந்து முன்னால நிண்டாங்கள். கழுத்தை இரும்பு மாதிரி வச்சிருந்தனான் மிஸ். கடைசியா எங்கட சந்திக்கே கொண்டுவந்தாங்கள். எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடை. கடைக்காரன் பயத்தில நிப்பாட்டின ரேடியோவை ஆரோ போடச் சொன்னாங்கள். பாட்டு வந்தது."

அவர் நிறுத்தினார்.

"நல்ல பாட்டு," என்றார்.

யேசுரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாக்குக்குள்ள ஒண்டும் தெரியாது மிஸ். வேர்வை, தூசி. பாட்டு மட்டும் தெளிவாக் கேட்டது. எத்தினை நாளைக்குப் பிறகு ஒரு பாட்டு. எனக்குத் தெரியாமலே... ஓட்டையால பாக்கிறன், முன்னால நிண்டவனைப் பிடிச்சு இழுக்கிறாங்கள். ஏன் இழுக்கிறாங்கள் எண்டு விளங்கேல்ல. பிறகுதான் விளங்கினது, என்ர தலை ஆடிக்கொண்டிருக்கு எண்டு."

"முன்னால நிண்டது ஆர்?" அவளுக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால் அவர் சொல்லவேண்டியிருந்தது.

"இராமர். மயிலம்மாவின்ர மகன்."

ராசிக், "இன்னாலில்லாஹி," என்று சாவுக்குச் சொல்கிற வார்த்தையை முணுமுணுத்தார்.

"அண்டைக்கே என்னை இறக்கிவிட்டுட்டாங்கள். சொன்ன சொல்லைக் காப்பாத்தினாங்கள்." அவர் சிரிக்க முயன்றார். "தாளத்துக்குத்தான் ஆடினது எண்டு உங்களுக்குச் சொல்லுறன். எனக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கொள்ளுறன். பயத்தில ஆட்டிப்போட்டு, பிறகு பாட்டில பழியைப் போடுறனோ எண்டும் யோசிக்கிறன். எது எண்டு எனக்கே தெரியாது. அதுதான் ஒவ்வொரு நாளும் யேசு அண்ணையை வரச்சொல்லி அதே பாட்டை வாசிக்கச் சொல்லிப் பாடிப் பாக்கிறன். தலை தானா ஆடுதோ எண்டு. ஒருக்கா, ஒரே ஒருக்கா தானா ஆடினால் போதும். ஆடுதில்லை."

பாக்கியலெட்சுமி அவரையே பார்த்தாள். பொய்யை மணந்து பிடிக்கிற மூக்கு அவளுக்கு இருந்தது. அந்த மூக்கு இப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாத ஒன்றை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? தான் குற்றவாளியா இல்லையா என்று சாட்சி தேடி, தன் கழுத்தையே தினமும் விசாரித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதர். அவள் துப்பறிந்தவர்களில் அவளைவிட நன்றாகத் துப்பறிந்தவர் இவர் ஒருவர்தான். அவரிடமும் விடை இல்லை.

"மிஸ்," என்றார் லெம்பேட். "எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. நான் செத்திட்டன் எண்டு பேர்ணடெற்றிட்டச் சொல்லுங்கோ. எப்பிடிச் சொன்னால் நம்புவா எண்டு உங்களுக்குத் தெரியும். விசா முடிய முதல் அவ போயிடவேணும். நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சால் போகமாட்டா. வந்து, என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போவா. அந்த ஒழுங்கையால. மயிலம்மாவின்ர வாசலைத் தாண்டித்தான் எங்கட வீடு."

யேசுரட்ணம் கையைக் கூப்பினார்.

அது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. மெதுவான குரலில் ஒரு வசனம். பேர்ணடெற் அழுவாள். ஒரு பூசை கொடுப்பாள். பிறகு பெட்டி கட்டுவாள். ஒரு பெண் தப்பிப் போவாள்.

"சொல்லிடுங்க மிஸ்," என்றார் ராசிக். அவர் குரலில் பகிடி ஒரு துளியும் இல்லை. "அந்தப் புள்ளயாவது போய்ச் சேரட்டும்."

அவள் லெம்பேட்டுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "இராமரை ஏத்தினது என்ன வாகனம்?"

"வெள்ளை வான்."

"ஏத்தின ஆளைக் கண்டனீங்களா?"

"கண்டனான். அந்த ஆள் சனிக்கிழமையில இஞ்ச வாறவன். முன்மேசையில இருந்து பாட்டுக் கேப்பான். நான் பெட்டிகளுக்கு நடுவில இருந்து அவன்ர சிரிப்பைக் கேட்பன்."

"உங்களைத் தவிர வேற ஆருக்கு அவனைத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப நீங்கள் செத்தால்," என்றாள் பாக்கியலெட்சுமி, "மயிலம்மா ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

லெம்பேட் இறங்கி வந்து அவளுடைய காலடிக்கு அருகே குந்தினார். "அவவிட்ட நான் எப்பிடியாவது சொல்லுவிக்கிறன். யேசு அண்ணை சொல்லட்டும். பேர்ணடெற்றுக்கு மட்டும் நான் செத்தவனா இருக்கிறன். மிஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ பிழைச்சுப் போகட்டும்."

"போறதோ நிக்கிறதோ, அதை அவ முடிவு எடுக்கவேணும். நீங்களும் நானும் எடுக்கேலாது." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு நான் அவவைப் பாக்கவேணும். அதுக்கு முதல் நீங்களாப் போனால் நல்லம். போகாட்டி நீங்கள் உயிரோட இருக்கிறீங்கள் எண்டு நான் சொல்லுவன். சாக்கின்ர கதையை நான் சொல்லமாட்டன், அது நீங்கள் சொல்லவேண்டியது. ஆனால் செத்திட்டார் எண்டு என்ர வாயால வராது."

"ஒரு பொய் மிஸ்," என்றார் லெம்பேட். "ஒரே ஒரு பொய்."

"இல்லை."

அவர் இன்னொரு தரம் கேட்டார். அவள் இன்னொரு தரம், அதே மெல்லிய குரலில், இல்லை என்றாள்.